தாத்தா ஊரும் வெளிநாடுதான்

பிள்ளை இலண்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ படிக்கப் போகிறது என்றால் வீட்டில் ஒரு பரபரப்பு தொடங்கிவிடும். குளிர் தாங்குமா, சோறு கிடைக்குமா, யார் துணை என்று கேள்விகள் எழும். அதே பிள்ளை இந்தியாவுக்குப் போகிறது என்றால் அந்தக் கேள்விகளில் பாதி எழுவதே இல்லை. "தாத்தா ஊருக்குத்தானே போறே, என்ன பயம்?" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கலும்பாங் போன்ற தோட்டப்புற ஊர்களில் இந்தப் பேச்சு இயல்பாகக் காதில் விழும். அன்போடு சொல்லப்படும் பேச்சுதான். ஆனால், இந்தியாவில் மலேசிய மாணவர் ஒருவரின் முதல் நாள்களைக் கடினமாக்குவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

வெளிநாடு என்று எண்ணிச் செல்பவர், அங்குள்ள ஒவ்வொன்றையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நினைப்போடு இறங்குகிறார். சொந்த ஊர் என்று எண்ணிச் செல்பவரோ, தமக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நினைப்போடு இறங்குகிறார். ஏதேனும் தெரியாதபோது முன்னவர் அடுத்தவரைக் கேட்கிறார். பின்னவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார். முதல் சில வாரங்களில் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

கலும்பாங், உலு சிலாங்கூர் மாவட்டத்தின் வட கோடியில், சிலாங்கூரையும் பேராக்கையும் பிரிக்கும் பெர்ணம் ஆற்றுக்கு அருகே உள்ள சிற்றூர். ஒரு காலத்தில் பால்மரங்கள் நின்ற நிலத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அந்தப் பால்மரங்களைச் சீவ வந்தவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழ்நாட்டுக் கிராமத்து மக்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதற்குப் பின் எத்தனையோ ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று பதினெட்டு வயதில் இருக்கும் ஒரு பிள்ளை, அந்தக் கப்பல்களில் வந்தவர்களுக்கு மூன்றாம் தலைமுறையாகவோ நான்காம் தலைமுறையாகவோ இருக்கும். குடும்பத்திடம் எஞ்சியிருக்கும் இந்தியா எவ்வளவு? ஓர் ஊர்ப்பெயர், ஒரு குலதெய்வத்தின் பெயர், பாட்டி சொன்ன இரண்டு மூன்று கதைகள். மிச்சத்தைத் திரைப்படங்கள் நிரப்புகின்றன. மாணவர் விமானத்திலிருந்து இறங்கும் இந்தியா, பாட்டி சொன்னதும் அன்று. திரையில் பார்த்ததும் அன்று.

முன்பு கப்பலில் போனவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல் 1970களின் தொடக்கம் வரை பினாங்கையும் சென்னையையும் இணைத்தது. அதன்பின் சிதம்பரம் என்ற கப்பல் அந்தப் பணியைச் செய்தது. பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். போகும் ஊரைப் பற்றிப் பேச, தெரிந்தவரிடம் விசாரிக்க, மனத்தைத் தயார்படுத்த அந்த நாள்கள் உதவின. இன்று தஞ்சோங் மாலிமில் கொமுட்டர் இரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் மாறி, விமான நிலையம் போய்ச் சேர்ந்தால், நான்கு மணி நேரத்தில் சென்னை. காலையில் வீட்டில் பசியாறிய பிள்ளை, இரவில் முன்பின் தெரியாத விடுதி அறையில் படுத்திருக்கிறது.

முதல் பாடம் சென்னை விமான நிலையத்திலேயே கிடைத்துவிடும். குடிநுழைவுப் பிரிவில் இந்தியக் குடிமக்களுக்கு ஒரு வரிசை. வெளிநாட்டினருக்கு வேறு வரிசை. மலேசியாவில் பிறந்த நாள் முதல் எல்லாப் பாரங்களிலும் 'இந்தியர்' என்று எழுதி வந்த பிள்ளை, இந்தியாவுக்கு வந்து வெளிநாட்டினர் வரிசையில் நிற்கிறது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைப் பார்க்கப் போனாலும் அப்படித்தான். வெளிநாட்டினருக்கான நுழைவுக் கட்டணம் உள்நாட்டினருக்கானதைப் போல் பல மடங்கு. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கையில் இருப்பது மலேசியக் கடப்பிதழ். இதை வீட்டிலேயே யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால், வரிசையில் நிற்கும்போது மனம் சுருங்கியிருக்காது.

அடுத்து மொழி. தமிழ் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் மொழிச் சிக்கல் வருமா என்று கேட்கலாம். வரும். கடையில் ஒரு பொருளை எடுத்து, "இது எத்தனை வெள்ளி?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டால், கடைக்காரர் திகைப்பார். அவருக்கு வெள்ளி என்றால் கொலுசு செய்யும் உலோகம். இல்லையென்றால் வாரத்தில் ஒரு நாள். "பசியாறிட்டீங்களா?" என்று விடுதித் தோழியைக் கேட்டால், சாப்பிட்டாயா என்று கேட்பதாக அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆகும், புரிந்த பிறகு, பழைய காலத்துப் பேச்சைப் போல் இருக்கிறதே என்று சிரிப்பாள். உணவைக் கட்டித் தரச் சொல்லும்போது 'புங்குஸ்' என்று வாய் தவறினால் அங்கே எவருக்கும் விளங்காது. பார்சல் என்று சொல்ல வேண்டும். பாசார், தவுக்கே, கித்தா என்று மலேசியத் தமிழர்கள் மலாய், சீனச் சொற்கள் என்ற நினைவே இல்லாமல் பேசும் சொற்கள் பல. அவற்றில் எது தமிழ்நாட்டில் செல்லும், எது செல்லாது என்பது அங்கே போன பிறகுதான் தெரிகிறது.

பணத்தை எழுதும் முறையும் மாறுகிறது. ஓர் இலட்சத்தை இங்கே 100,000 என்று எழுதுவார்கள். அங்கே 1,00,000 என்று எழுதுவார்கள். கல்லூரிக் கட்டணச் சீட்டில் காற்புள்ளி வேறிடத்தில் இருப்பதைப் பார்த்து, எத்தனை ரூபாய் என்று விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும். கேள்விக்கு விடையாகத் தலையைப் பக்கவாட்டில் அசைத்தால், அது மறுப்பா சம்மதமா என்பதும் ஒரு குழப்பம். பெரும்பாலும் சம்மதம்தான்.

இவையெல்லாம் சிறிய செய்திகள் என்று ஒதுக்கலாம். ஆனால், ஒரே நாளில் இருபது முறை சிறிய தவறு செய்பவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். தம் தாய்மொழியிலேயே அடிக்கடி தடுமாறும் ஒருவர், மெல்ல மெல்லப் பேசுவதைக் குறைத்துக்கொள்வார். பேச்சு குறைந்தால் நட்பு வராது. நட்பு இல்லாவிட்டால், எந்தப் பேராசிரியரை எங்கே பார்ப்பது, எந்தக் கடையில் பழைய பாடநூல் கிடைக்கும் என்பன போன்ற, எந்தக் கையேட்டிலும் அச்சாகாத செய்திகள் வந்து சேரா.

மேலும், இந்தியா என்றால் தமிழ்நாடு என்று எண்ணுவதும் பொருந்தாது. மலேசிய மாணவர்கள் பலர் மருத்துவம் படிக்கச் சென்ற மணிப்பால், கர்நாடக மாநிலத்தில் உடுப்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1953இல் அங்கே கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1997இல் உருவான மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள், பல ஆண்டுகளாக முதல் இரண்டரை ஆண்டுகளை மணிப்பாலிலும் மீதியை மலாக்காவிலும் கழித்தார்கள். அந்த ஊரில் கடைவீதியில் கேட்கும் மொழிகள் கன்னடமும் துளுவும். வகுப்புத் தோழர்கள் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொள்வார்கள். மருத்துவமனைக்கு வரும் நோயாளியிடம், எங்கே வலிக்கிறது என்று அவருடைய மொழியில் கேட்கத் தெரிய வேண்டும். தாத்தா ஊர் என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைக்கு, தாத்தாவின் மொழியே அங்கே கைகொடுப்பதில்லை. சாம்பாரில் வெல்லம் போட்டிருப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் காரசாரமான சம்பலுக்குப் பழகிய நாக்கு அதை ஏற்க நாளாகும்.

உடம்பும் தன் பங்குக்கு முரண்டு பிடிக்கும். மலேசியாவில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலை. சென்னையில் மே மாதத்தில் 40 பாகை செல்சியசையும் தொடும். மணிப்பாலில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது பெய்யும். டில்லியில் சனவரி இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே இறங்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. விடுதியில் வாளியில் தண்ணீர் பிடித்துக் குளிக்க வேண்டியிருக்கலாம். மலேசியாவில் வாங்கிய மின்னேற்றியின் தட்டையான மூன்று முனைகள், அங்குள்ள வட்டத் துளைகளில் நுழையா. கைப்பேசி அணைந்துபோன முதல் இரவில், பத்து ரிங்கிட் பெறாத ஒரு மாற்றுச் செருகி இல்லாததால் வீட்டோடு பேச முடியாமல் போவது எவ்வளவு பெரிய துன்பம்!

தெரியாததைக் கேட்க வெட்கப்படுவது சாதாரண மாணவர்களுக்கு மட்டும் உரிய குணமன்று. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜன், 1914ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் இருந்த அவரைப் பிற்காலத்தில் புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ் ஒரு நாள் சந்தித்தபோது, இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்று இராமானுஜன் சொன்னார். மேலங்கியை அணிந்துகொண்டும் சால்வையைப் போர்த்திக்கொண்டும் தூங்குவாராம். மகலனோபிஸ் உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன. அவை மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே விரிப்பு போடப்பட்டிருந்தது. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. விரிப்பின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். உலகம் வியந்த மூளை அது. ஆனால், கட்டிலில் எப்படிப் படுப்பது என்பதை ஒருவர் காட்டித் தர வேண்டியிருந்தது. காட்டித் தருவதற்கு ஒரு நிமிடம் போதுமானதாகவும் இருந்தது.

காந்தியடிகளின் கதையும் இதற்கு ஒத்ததே. 1888இல் இலண்டன் சென்றபோது அவருக்கு வயது பத்தொன்பது நிரம்பவில்லை. புலால் உண்பதில்லை என்று தாயிடம் வாக்குக் கொடுத்திருந்ததால், சைவ உணவகம் ஒன்றைக் கண்டுபிடிக்கும் வரை அரைவயிற்றோடு நாள்களைக் கடத்தினார். இரவில் வீட்டை நினைத்து அழுததாகத் தம் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். இலண்டன் அவருக்கு வெளிநாடு என்பதால் அந்த அழுகை எவருக்கும் வியப்பளிக்காது. சென்னையில் அழும் கலும்பாங் பிள்ளையைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அதனால்தான் அந்தப் பிள்ளை அழுவதை மறைத்துக்கொள்கிறது. இந்தச் செய்தியில் மிகவும் கவலைக்குரிய பகுதி இதுவே. தோட்டப்புறக் குடும்பம் ஒன்று பிள்ளையை இந்தியாவுக்கு அனுப்புகிறது என்றால், அதன் பின்னால் பெரிய கணக்கு ஒன்று இருக்கும். பிள்ளைகளின் உயர்கல்விக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வழியுண்டு; அப்பா அதை எடுத்திருப்பார். அம்மாவின் நகை அடகுக் கடையில் இருக்கலாம். மாமாவும் சித்தப்பாவும் கைகொடுத்திருப்பார்கள். கோயிலில் வழியனுப்பு நிகழ்ச்சிகூட நடந்திருக்கும். இத்தனைக்கும் பிறகு, "எனக்கு இங்கே பிடிக்கவில்லை" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? புலனத்தில் "நல்லா இருக்கேம்மா" என்று செய்தி வரும். அம்மாவும் அதை நம்புவார், அல்லது நம்ப விரும்புவார். வயிற்றுப்போக்கு, வகுப்பில் புரியாத பாடம், அறைத்தோழரோடு சண்டை எல்லாம் அந்த மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடும். சொல்லாமல் அடக்கியது முதல் பருவத் தேர்வின் முடிவில்தான் வெளிப்படும்.

நேர வேறுபாடும் இந்த மௌனத்துக்குத் துணை செய்கிறது. இந்திய நேரம் மலேசிய நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது. அங்கே இரவு உணவு முடித்து ஒன்பது மணிக்குப் பிள்ளை அழைக்க நினைக்கும்போது இங்கே பதினொன்றரை. விடிவதற்கு முன் எழுந்து வேலைக்குப் போகும் அம்மாவை எழுப்ப மனமில்லாமல் கைப்பேசியைக் கீழே வைத்துவிடும்.

எதிர்க் கருத்து ஒன்று உண்டு. பிள்ளைகள் கஷ்டப்பட்டால்தான் திடம் பெறுவார்கள். நம் முன்னோர்கள் யார் துணையும் இல்லாமல் காட்டை அழித்து வாழ்ந்து காட்டவில்லையா என்று பெரியவர்கள் கேட்பார்கள். திடம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், முன்னோர் துணையின்றி வந்தார்கள் என்பது வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை. கங்காணி முறையில் ஆள் திரட்டியவர், பெரும்பாலும் தம் ஊரிலும் அக்கம்பக்கத்திலும் உறவுக்காரர்களிடையிலும்தான் திரட்டினார். கப்பலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஊர்க்காரர். லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்தவர் மாமன் மச்சான். கங்காணி அவர்களைச் சுரண்டியதும் உண்டு. அதை மறுக்க முடியாது. எனினும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தரத் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்தது. இன்று தனியாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் மாணவருக்கு அது இல்லை. முன்னோரை எடுத்துக்காட்டாகச் சொல்வதானால், அவர்கள் கூட்டமாகப் போனதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கூட்டத்தை இன்று உருவாக்க முடியாதா? அதே கல்லூரியில் படிக்கும் மூத்த மலேசிய மாணவர் ஒருவரின் தொடர்பைப் புறப்படும் முன்பே தேடிப் பெறுவது கடினமன்று. மூத்த மாணவர் என்றதும் பகடிவதை பற்றிய அச்சம் பெற்றோருக்கு எழும். அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. தமிழ்நாட்டில் 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட கொடுமைக்குப் பிறகு, 1997இல் பகடிவதையைத் தடை செய்யும் சட்டம் வந்தது. 2009இல் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிமுறைகளை வெளியிட்டது; புகார் செய்யக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. சட்டம் இருப்பது மாணவருக்குத் தெரிந்திருந்தால்தான் அது அவருக்குப் பயன்படும். சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருப்பதும் அப்படித்தான். இடர் வந்த பிறகு முகவரியைத் தேடுவதைவிட, முன்பே எழுதி வைத்திருப்பது நல்லது.

தாள் வேலைகளை ஏஜெண்டிடம் முழுக்க ஒப்படைத்துவிடும் பழக்கமும் மாற வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் செல்பவர், போய்ச் சேர்ந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். மருத்துவம் படிக்க விரும்புகிறவர், அந்தக் கல்லூரியின் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் ஏற்கிறதா என்பதைக் கட்டணம் கட்டும் முன்னரே சரிபார்க்க வேண்டும். இந்தியாவில் அந்தப் படிப்பு நான்கரை ஆண்டு. அதன்மேல் ஓராண்டு பயிற்சி. இவ்வளவு காலத்தையும் பணத்தையும் செலவிட்ட பிறகு, பட்டம் செல்லாது என்று அறிவதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. இவற்றை மாணவரே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். பாரத்தை நிரப்பத் தெரிந்த பிள்ளைக்கு, பிறகு வங்கிக்குப் போய்க் கணக்குத் திறக்கவும் தைரியம் வரும்.

பெற்றோர் செய்யக்கூடியது, பெட்டியில் இன்னொரு புட்டி ஊறுகாய் வைப்பதைவிடச் சிறிது கூடுதலானது. மகளுக்கும், குறிப்பாக மகனுக்கும், துணி துவைக்கவும் சோறு வடிக்கவும் கற்றுத் தர வேண்டும். மகன்களைச் சமையலறைப் பக்கமே விடாமல் வளர்த்துவிட்டு, விடுதியில் இளைத்துப் போய்விட்டான் என்று கலங்குவதில் நியாயமில்லை. அழைப்பதற்கு இரு நாட்டு நேரத்துக்கும் ஒத்துவரும் ஒரு வேளையைக் குறித்துக்கொள்ளலாம். மலேசிய நேரம் இரவு ஒன்பது என்றால் அங்கே ஆறரை, இருவருக்கும் தொல்லையில்லை. அழைத்ததும் "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்ற விடைதான் வரும். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்டால் உண்மை வரும். தனியாகச் சாப்பிட்டேன் என்று மூன்று நாள் தொடர்ந்து சொன்னால், அப்பாவோ அக்காவோ கூடுதலாகப் பேச வேண்டிய நேரம் அது என்று தெரிந்துகொள்ளலாம்.

பள்ளிக்கும் இதில் வேலை உண்டு. கலும்பாங்குக்கு மிக அருகில், தஞ்சோங் மாலிமில், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது. கெடாவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வந்து அங்கே படிக்கும் தமிழ் மாணவர்களும் வீட்டைவிட்டு வந்தவர்களே. முதல் வாரத்தை எப்படிக் கடந்தார்கள் என்று அவர்களில் ஒருவரைப் படிவம் ஐந்து, படிவம் ஆறு மாணவர்களிடம் வந்து பேசச் சொன்னால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இந்தியாவில் படித்துத் திரும்பிய மருத்துவரோ பொறியாளரோ வட்டாரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. வெற்றிக் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், முதல் மாதத்தில் திரும்பி வந்துவிடலாமா என்று எண்ணிய நாளையும் அவர் சொல்ல வேண்டும்.

தேர்வு முடிவு வெளிவரும் நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் இடையே சில மாதங்கள் கிடைக்கின்றன. போகும் மாநிலத்தின் எழுத்தைக் கற்றுக்கொள்ள அது போதும். கன்னடத்திலோ இந்தியிலோ பேருந்தின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தாலே, ஊருக்குள் தனியாகப் போய்வரலாம். மூன்று மாதம் போனால், விடுதித் தோழி காலையில் கதவைத் தட்டி, "பசியாறியாச்சா?" என்று கேட்கத் தொடங்கியிருப்பாள், மலேசியப் பிள்ளையும் கடைக்காரரிடம் வெள்ளி என்று சொல்வதை மறந்து, ரூபாய் என்று பேரம் பேசிக்கொண்டிருக்கும்.